ஆர்லீன் திருப்பிக் கொடுக்காத ரிவால்வர்

ரேவன் கேப் என்ற மலையூரில் இரண்டு பேர் தங்களுக்குள் ஒரு கைத்துப்பாக்கியை விற்று வாங்க நினைத்தால் ஆர்லீன் மட்டூலிஸின் கடைக்கு வந்தாக வேண்டும். ரைஃபிள் என்றால் சமையலறை மேசையிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம், பென்சில்வேனியாவில் யாரும் கேட்கமாட்டார்கள். கைத்துப்பாக்கி அப்படியில்லை. விற்பவனும் வாங்குபவனும் லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி முன்னால் வந்து நிற்க வேண்டும். வாங்குபவன் படிவம் எழுத வேண்டும். வியாபாரி மாநிலப் போலீசுக்குப் போன் போட்டு அவனைப் பற்றி விசாரிக்க வேண்டும். அங்கிருந்து சரி என்று வந்தால்தான் துப்பாக்கி கை மாறும். அப்பன் மகனுக்குக் கொடுக்க இந்த வழி வேண்டாம். அண்ணன் தம்பிக்குக் கொடுத்தாலும் இந்த வழிதான். ஷெரீஃப் அலுவலகத்திலும் இதைச் செய்துகொள்ளலாம்தான். ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கம், இருபத்தெட்டு மைல்.

வருகிறவர்களில் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டுதான் வருவார்கள்.

"நானும் இவனும் ஒரே தெருவுல பொறந்து வளந்தவங்க ஆர்லீன். என்னைப் பத்தி இவனுக்குத் தெரியாததா தலைநகர் ஹாரிஸ்பர்க்ல உக்காந்திருக்கறவனுக்குத் தெரியப்போவுது?"

"அவனுக்குத் தெரியாது, அதான் கேக்குறான். கட்டத்துக்குள்ள எழுது. எழுத்து வெளிய போவுது பாரு."

ஆர்லீன் தன் அறுபத்தொரு வயதுக்குள் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. கடைக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் பரிசோதித்தவள். ஒரு நாளைக்கு எண்ணூறு காலர். தையல் ஒன்று தப்பியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். தைத்த பெண்களுக்கு அவள்மேல் கோபம் வரும், சாப்பாட்டு வேளையில் அவளோடு உட்காரமாட்டார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். தொழிற்சாலை மூடியபோது கிடைத்த தொகையில் அவள் புருஷன் வின்ஸ் இந்தக் கடையைப் போட்டான். பூட்ஸ், தூண்டில் புழு, மீன்பிடி லைசென்ஸ், துப்பாக்கி. பதினோராவது வருஷம் பல் டாக்டரிடம் வேலை பார்த்த ஒருத்தியோடு வின்ஸ் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டான். துப்பாக்கி லைசென்ஸ் அவன் பெயரில் இருந்தது. கடை அந்த மாதமே மூடிவிடும் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஆர்லீன் போய்க் கைரேகை கொடுத்தாள். தன் பெயரில் விண்ணப்பம் போட்டாள். விசாரிக்க வந்த மத்திய அரசு அதிகாரி ஒரு சின்னப் பையன்போல இருந்தான். "உங்களுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று கேட்டான்.

"சுடத் தெரியாது. விதியெல்லாம் படிச்சிருக்கேன். நீங்க கேளுங்க" என்றாள்.

அவன் ஒன்றரை மணி நேரம் கேட்டான். மூன்றாவது வாரம் லைசென்ஸ் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டினாள்.

இது நடந்து பதினான்கு வருஷத்துக்குப் பிறகு, ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை காலை, க்ளென் ரைட்னர் லியோ பாஷ்கோவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

க்ளெனைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன். தீயணைப்புச் சங்கத்தின் ஏலம், துப்பாக்கிப் பரிசுக் குலுக்கல், மீன் வறுவல் விருந்து எதுவானாலும் மைக் அவன் கையில்தான். இரண்டு மைல் தள்ளிக் கேட்கும் சிரிப்பு. வின்ஸோடு பல வருஷம் வேட்டைக்குப் போனவன். வின்ஸ் ஓடிப்போன குளிர்காலத்தில் ஆர்லீன் வீட்டு வாசல் பனியை இரண்டு மாதம் கேட்காமலே தள்ளிக்கொடுத்தவன். லியோ வேறு மாதிரி. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, கல்யாணம் ஆகவில்லை. க்ளென் எங்கே போனாலும் பின்னாலேயே போவான். சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக உறுப்பினர். கூட்டத்தில் 'வழிமொழிகிறேன்' என்பதைத் தவிர அவன் வேறு ஏதாவது பேசி யாரும் கேட்டதில்லை.

க்ளென் ஒரு தோல் உறையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். உள்ளே குட்டைக் குழல் ரிவால்வர், அவன் அப்பா வைத்திருந்தது.

"இதை லியோவுக்கு விக்கிறேன். நல்லபடியா முடிச்சுக் குடு. எனக்குப் பத்து மணிக்கு லாரி எடுக்கணும், சாயங்காலம் வரேன்."

"அப்பாவோடதை ஏம்ப்பா விக்கிற?"

"வீட்டுல இடத்தை அடைக்குது."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒரு ரிவால்வர் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று ஆர்லீன் நினைத்தாள், கேட்கவில்லை.

"நீ நில்லு. அவன் எழுதி முடிச்சு, நான் போன் பண்ணி, பதில் வர்ற வரைக்கும் நீ இங்கயே இருந்தா நல்லது. விட்டுட்டுப் போனா இதை நான் என் பதிவேட்டுல ஏத்தியாகணும். ஏத்திட்டா அது என் கடைச் சரக்கு மாதிரி."

"ஏத்திக்கோ, யார் வேணாம்னா? லாரியை விட்டுட்டு உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?"

கதவு மணி அடித்து அடங்கியது. ஆர்லீன் துப்பாக்கியின் எண்ணை இரண்டு தரம் படித்துப் பதிவேட்டில் எழுதினாள். லியோவிடம் படிவத்தையும் பேனாவையும் கொடுத்து, பூட்ஸ் போட்டுப் பார்க்கிற பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

பொதுவாக யாரும் அந்தப் படிவத்தைப் படிப்பதில்லை. எந்தக் கட்டத்தில் ஆமாம், எந்தக் கட்டத்தில் இல்லை என்று ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். லியோ படித்தான். உதடு அசைய, விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துப் படித்தான். இருபது நிமிஷம் ஆயிற்று. ஆர்லீன் இதற்குள் ஒருவருக்குக் கையுறை விற்றுவிட்டு வந்தாள்.

"ஆர்லீன், இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்? உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானான்னு கேட்டிருக்கு."

"இந்தத் துப்பாக்கி உனக்கா, இல்ல வேற யாருக்காவது நீ வாங்குறியான்னு கேக்குறாங்க."

"காசு வேற ஒருத்தர் குடுத்திருந்தா?"

"காசு யாருதுன்னும் பாப்பாங்க."

லியோ பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான். காது சிவந்துவிட்டது.

"ஒருத்தன் கொஞ்ச நாளைக்கு வெச்சிருந்துட்டு, அப்புறம் பழைய ஆள்கிட்டயே குடுக்குறான்னு வெச்சுக்கோ. ஒரு ஆறு மாசம். அது?"

ஆர்லீன் கையிலிருந்த விலைச்சீட்டைக் கீழே வைத்தாள். "அதுக்குப் பேரு வாங்குறது இல்ல லியோ. அப்படி ஒருத்தன் இங்க ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது பொய். ஜெயிலுக்குப் போற பொய்."

லியோ பெஞ்சிலிருந்து எழுந்தான். பிறகு பேனாவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

"எனக்கு வேணாம்."

"சரிப்பா."

"அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லாத."

"சரி. லியோ, உனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"எனக்கு இல்ல" என்றான். வெளியே போய் வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்யாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு போனான்.

நான்கு மணிக்கு க்ளென் வந்தான். சிரிப்பு இல்லை. லியோ சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது.

"அந்த முட்டாளுக்கு மனசு மாறிடுச்சாம். பரவால்ல. எடு, போறேன்."

"உக்காரு. நீ ஃபாரம் எழுதணும்."

"நானா? எதுக்கு?"

"காலையிலயே சொன்னேன். நீ விட்டுட்டுப் போயிட்ட. இது என் பதிவேட்டுல இருக்கு. இங்கேருந்து வெளிய போகணும்னா யாரு வாங்கிட்டுப் போறாங்களோ அவங்க எழுதணும், நான் போன் பண்ணணும்."

"என் துப்பாக்கியை எனக்கே விக்கப் போறியா?" இப்போது சிரித்தான், ஆனால் ஊருக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை அது. "ஆர்லீன், கதவைத் தாண்டி ஏழு மணி நேரம் ஆகல."

"ஏழு நிமிஷம் ஆயிருந்தாலும் இதேதான். என் அண்ணன் விட்டுட்டுப் போனாலும் இதேதான். எழுது."

எழுதினான். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதினான். நீதிமன்றத் தடை உத்தரவு ஏதாவது உங்கள்மேல் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறி போட்டான். ஆர்லீன் எல்லாக் கட்டங்களையும் பார்த்தாள், அடையாள அட்டையை வாங்கிச் சரிபார்த்தாள், போனை எடுத்தாள். மாநிலப் போலீஸ் அலுவலகத்தில் ஒரு பெண் பேசினாள். பெயர், பிறந்த தேதி, எண். கொஞ்ச நேரம் விசைகள் தட்டுகிற சத்தம். பிறகு அந்தப் பெண், வானிலை சொல்வதுபோல, "மறுக்கப்பட்டது" என்றாள். ஒரு எண்ணைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

காரணம் சொல்லமாட்டார்கள். ஆர்லீனும் கேட்பதில்லை. பதினான்கு வருஷத்தில் இருபத்து மூன்று தரம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். அதில் பாதி பெயர்க் குழப்பம், பழைய வழக்கு. எல்லாம் வெளியூர் முகங்கள். இவ்வளவு பழகிய முகத்துக்கு முன்னால் அதைச் சொல்வது இதுவே முதல் தடவை.

"க்ளென், மறுத்துட்டாங்க. என்னால குடுக்க முடியாது."

அவன் கையை மேசைமேல் விரித்து வைத்தான். "எடு."

"தப்பா மறுத்திருந்தா மேல எழுதிப்போட ஒரு தாள் இருக்கு. இந்தா. இல்ல, வித்துடச் சொன்னா நானே நல்ல ஆளாப் பாத்து வித்து உனக்குச் செக் அனுப்புறேன். இந்த ரெண்டுதான் இருக்கு."

"எங்கப்பனோடது அது. உன் புருஷன் இருந்திருந்தா இப்படி ஒரு பேச்சே வந்திருக்காது."

"வின்ஸ் ஃப்ளோரிடாவுல இருக்கான். நம்பர் தரேன், போன் பண்ணிக் கேளு."

"வாயப் பாரு!"

"லைசென்ஸ்ல என் பேரு இருக்கு க்ளென். இரும்புப் பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கு. நான் குடுக்கமாட்டேன்."

கத்தியிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். அவன் மெதுவாகப் பேசினான். "குலுக்கல் இனிமே உன் கடைக்கு வருமான்னு பாத்துக்கோ. இந்த ஊர்ல யாரு இங்க காலடி வெக்கிறாங்கன்னு பாத்துக்கோ." அந்தத் தாளைக் கசக்கி மேசையிலேயே போட்டுவிட்டுப் போனான்.

ஆர்லீன் கதவைத் தாழிட்டாள். லியோ உட்கார்ந்த அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் க்ளென் மனைவி கொலீன் நினைவுக்கு வந்தாள். மூன்று ஞாயிறாக அவளை மாதா கோயிலில் காணவில்லை. ஃப்ளூ என்று க்ளென் சொல்லியிருந்தான். கோடைக்காலத்தில் ஒருநாள், அந்தப் புழுக்கத்தில், அவள் நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு புழு வாங்க வந்ததும் நினைவுக்கு வந்தது. அன்று தானும் ஒன்றும் கேட்காமல் மிச்சக் காசைக் கொடுத்து அனுப்பியதும்.

அன்று கேட்கவில்லை. இன்று யாரிடமும் சொல்லவும் கூடாது. படிவத்தில் எழுதியது, போனில் வந்த பதில், எல்லாமே ரகசியம், அதுவும் சட்டம். எழுந்து, கசங்கிய தாளை நீவிக் கோப்பில் வைத்தாள். ரிவால்வரை உள்ளறைப் பெட்டியில் பூட்டினாள்.

க்ளென் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைக்குள் கதை ஊரெல்லாம் போய்விட்டது. செத்துப்போன அப்பனோட துப்பாக்கியை க்ளென் நம்பிக் கொடுத்தான், ஆர்லீன் பிடுங்கி வைத்துக்கொண்டாள், விற்றுக் காசு பார்க்கப் போகிறாள். அவள் அண்ணன் ஜெரோம் கடைக்கு வந்தான். தீயணைப்புச் சங்கத் தலைவன் அவன். தொப்பியைக் கழற்றாமல், பூட்ஸ் அலமாரியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"குடுத்துடு ஆர்லீன்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"அதையும் சொல்ல முடியாது."

"நான் உன் கூடப் பொறந்தவன்."

"நீ என் கூடப் பொறந்தது அந்த ஃபாரத்துல எங்கயும் எழுதல."

"கிண்டல் பண்ணாத. வர்ற வசந்தத்துல முப்பது துப்பாக்கி குலுக்கல்ல போவுது. ஜெயிச்ச முப்பது பேரும் உன் கடைக்குத்தான் வந்து ஃபாரம் எழுதுவான், அப்படியே குண்டும் உறையும் வாங்குவான். உன் வருஷத்துல பாதி அது. கமிட்டியில எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரன்கிட்டக் குடுக்கலாம்ங்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"உனக்கு என்ன தோணுதோ சொல்லு."

"எனக்கு நீ காரணம் சொல்லணும்."

"ஜெரோம், என்னைக்காவது நான் ஒருத்தர் பொருளை எடுத்திருக்கேனா?"

அவன் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கதவுக்கு நடந்தான். கதவருகே நின்று, "சின்ன வயசுலேருந்து உனக்கு இதே பிடிவாதம்" என்றான்.

குலுக்கல் போயிற்று. நவம்பர் கடைசியில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் வாரம், வழக்கமாக வாசல்வரை ஆள் நிற்கிற வாரம், கடை காலியாகக் கிடந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்கில் காபி குடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பாமல் போனார்கள். வியாழக்கிழமைகளில் கோயில் அடித்தளத்தில் பெண்கள் கூடி விற்பனைக்குப் பியரோகி என்ற கொழுக்கட்டை மடிப்பார்கள். ஆர்லீன் போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த இருவர் மாவு தட்டுகிற மேசைக்கு மாறினார்கள். அவள் எழுந்துபோகவில்லை. உருளைக்கிழங்கை உள்ளே வைத்து ஓரத்தைக் கிள்ளி மூடி, தனியாக இருநூறு மடித்தாள். அடுத்த வியாழனும் போனாள். அதற்கடுத்த வியாழனும்.

வீட்டில் தனியாக இருக்கும்போது தடுமாற்றம் வராமல் இல்லை. பெயர்க் குழப்பமாக இருந்தால்? பனி தள்ளிக் கொடுத்தவனை ஒரு போன் பேச்சுக்காக ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டோமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் அந்தப் படிவத்தை எடுத்து மறுபடி பார்த்தாள். அவன் அழுத்திப் போட்ட 'இல்லை' அடுத்த தாளிலும் பதிந்திருந்தது. என்ன காரணமானாலும் பதில் மாறும்வரை பெட்டி திறக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்து வாசல் பனியைத் தள்ளினாள். அந்த வருஷம் அதற்கு யாரும் வரவில்லை.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஷெரீஃபின் ஆள் வந்தார். ஒடிஸ் பெல் என்ற அமைதியான மனிதர். காலை நேரம், கடையில் வேறு யாருமில்லை.

"க்ளென் ரைட்னரோட ரிவால்வர் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு." பதிவேட்டைத் திறந்து தேதியையும் எண்ணையும் காட்டினாள்.

அவர் தன் கையிலிருந்த தாளோடு ஒப்பிட்டார். "நீதிமன்றத்துல இதை நண்பருக்கு வித்தாச்சுன்னு சொல்லியிருக்காரு. ரைஃபிள் நாலையும் எங்ககிட்டக் கொண்டுவந்து குடுத்துட்டாரு. இது மட்டும் கணக்குல வரல. அந்த அம்மா தினமும் போன் பண்ணி, அது எங்க, அது எங்கன்னு கேக்குறாங்க."

"எந்த அம்மா?"

அவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு மறுத்துட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க."

"அவரு கிட்ட வரக் கூடாது, துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாதுன்னு அவரு மனைவி பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்காங்க. அவர் இங்க வந்ததுக்கு முந்தின நாள்தான் அது அவர் கைக்குப் போச்சு." ரிவால்வர் அவள் பாதுகாப்பில் இருப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது, "காரணம் தெரியாமலா இவ்வளவு நாள் பிடிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார்.

"தெரிஞ்சிருந்தா சுலபமா இருந்திருக்கும்" என்றாள் ஆர்லீன்.

இப்போது காரணம் தெரியும். ஒரு வாக்கியம் போதும், ஊர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் கொலீன் பெயர் இருக்கிறது. பெட்ரோல் பங்கிலும் மாவு மேசையிலும் அது உருளும். ஆர்லீன் யாருக்கும் போன் போடவில்லை. அண்ணனுக்கும் இல்லை.

ஜனவரி மாதச் சங்கக் கூட்டம் முடிந்த மறுநாள் மதியம் ஜெரோம் வந்தான். இந்தத் தடவை தொப்பி கையில் இருந்தது. வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா, சூடு போவுது."

"லியோ பேசினான்" என்றான்.

"எந்த லியோ?"

"எந்த லியோவா? நம்ம லியோ. நேத்துக் கூட்டத்துல. க்ளென் எழுந்து உன்மேல வழக்குப் போடச் சங்கம் பணம் குடுக்கணும்னான். பாதிப் பேர் கையத் தூக்கப் போனாங்க. இவன் எழுந்தான். சரி, வழிமொழியப் போறான்னு நான் நோட்டுல எழுதவே ஆரம்பிச்சுட்டேன். 'அவ எடுக்கல'ன்னான். மறுபடியும் சொன்னான், 'ஆர்லீன் எடுக்கல. அந்தத் துப்பாக்கியை என் பேர்ல வாங்கி என் வீட்டுல ஒளிச்சு வெக்கச் சொல்லி க்ளென்தான் என்னைக் கூட்டிட்டுப் போனான். காசு அவன் குடுத்தது. நான் ஃபாரத்தைப் படிச்சேன், பயந்து பேனாவை வெச்சுட்டேன்'ன்னான். நாற்காலியப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னான்."

"க்ளென் என்ன சொன்னான்?"

"பொய்யின்னான். லியோ அவனைப் பாத்து, 'உன்கிட்ட இருபது வருஷமா எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டேன் க்ளென், இதுக்கு முடியல'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். க்ளென் கோட்டை எடுத்துட்டுப் போயிட்டான்." ஜெரோம் தொப்பியின் விளிம்பைத் திருகினான். "உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"குலுக்கலை இந்த வருஷம் மாத்த முடியாது. அந்தப் பக்கத்துக் கடைக்காரன்கிட்ட ஒப்பந்தம் போட்டாச்சு."

"நான் கேக்கலையே. காபி குடிக்கிறியா?"

குடித்தான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு ஜோடி காலுறையை எடுத்து, விலை பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரே நாளில் எதுவும் திரும்பவில்லை. வியாழக்கிழமை மேசையில் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், இன்னொருத்தி கடைசிவரை வரவில்லை. குலுக்கல் அடுத்த வருஷம் பாதிதான் வந்தது. க்ளெனுக்கு ஆதரவாக எட்டுப் பேர் இன்றைக்கும் மலைக்கு அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ஆர்லீன் அதற்கேற்ப வாழ்ந்துகொண்டாள். புதன்கிழமை கடையை மூடி, பள்ளிக்கூட வண்டியில் உதவியாளாகப் போனாள். காலையில் லியோ பள்ளி வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருப்பான். கையை உயர்த்துவான்.

சங்கக் கூட்டம் நடந்த மறுமாதம், பிப்ரவரியில், ஒரு காலை கொலீன் வந்தாள். மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கதவு மணி அடங்கும்வரை வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது இங்கதான் இருக்கா?"

"இருக்கு கொலீன்."

"உள்ளயா?"

"உள்ளறையில, இரும்புப் பெட்டியில. சாவி என் கழுத்துல."

"நான் ஒரு தடவ பாக்கலாமா?"

ஆர்லீன் யோசித்தாள். கடைக் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே போய் எடுத்துவந்தாள். உருளையைத் திறந்து, ஆறு துளையும் வெறுமையாகத் தெரிய, பச்சைத் துணிமேல் வைத்தாள்.

கொலீன் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி குனிந்து பார்த்தாள். "இவ்ளோ சின்னதா?" என்றாள். "சாப்பாட்டு மேசையில, அவன் தட்டுக்குப் பக்கத்துல வெச்சிருப்பான். ஒண்ணும் சொல்லமாட்டான். சும்மா வெச்சிருப்பான். எனக்குப் பெரிசா ஞாபகம்."

ஆர்லீன் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். நீளக் கைச் சட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். "ஜூலையில நீ வந்தப்போ நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் கொலீன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போதும், உள்ள வெச்சுடு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

மார்ச் கடைசியில் க்ளெனின் வக்கீல் எழுதிய கடிதம் வந்தது. விற்றுவிடச் சம்மதம். ஆர்லீன் அவசரப்படவில்லை. உள்ளூர்க்காரர் இருவர் கேட்டார்கள், இருவரையும் மறுத்துவிட்டாள். வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபால்காரப் பெண் ஒருத்தி, குறி பார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிறவள், அதை வாங்கினாள். படிவம், போன், பதில், எல்லாம் பதினொரு நிமிஷம். பதிவேட்டில் 'வெளியே' என்ற பத்தியில் எண்ணை இரண்டு தரம் படித்து எழுதினாள். செக்கைத் தபாலில் சேர்த்தாள்.

ஏப்ரலில் டிரௌட் மீன் பருவம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கடையில் நான்கைந்து பேர் வரிசையில் நின்றிருந்தபோது க்ளென் வந்தான். அவன் கடைசியில் போய் நின்றான். முறை வந்ததும் மேசைக்கு முன்னால் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த தூண்டில் முட்களைப் பார்த்தபடி சொன்னான்.

"மீன்பிடி லைசென்ஸ்."

அதற்குத் தடை ஏதும் இல்லை. ஆர்லீன் கணினியில் அவன் பெயரைத் தட்டினாள்.

"பழைய முகவரிதானா?"

"இல்ல. மாறிடுச்சு."

"சொல்லு."

அவன் பக்கத்து ஊரில் ஒரு வாடகை வீட்டின் முகவரியைச் சொன்னான். கதவு எண்ணைச் சொல்லும்போது ஒரு தடவை தடுமாறினான். அவள் தட்டினாள். அச்சடித்து வந்த தாளை அவன் பக்கம் திருப்பி, "எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடு" என்றாள்.

அவன் படித்துப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். பணத்தை வைத்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். ஆர்லீன் வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றாள்.